வெட்டப்படாத சேவல்

ரகசியம் காப்பதில் இந்தத் தைவான் தீவில் எனக்கு நிகரானவர் எவரும் இல்லை. மனிதர்களை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, தெய்வங்களையும் சேர்த்தே சொல்கிறேன். குறிப்பாக எங்கள் ஊர்க் காவல் சாமியை.

தப்பாக நினைக்காதீர்கள், ஐயா. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. தொழில் என்று பார்த்தால் அவரும் நம் உளவுத் துறைதான். ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று குறித்து வைப்பது அவர் வேலை. கணக்குப் போட வாசலுக்கு மேலே ஆளுயர மணிச்சட்டம் மாட்டியிருக்கிறார்கள். ஆளைப் பிடித்து வர நெட்டையாக ஒருவர், குட்டையாக ஒருவர் என இரண்டு ஏவலர்கள். இருவரும் மரம், ஆகவே லஞ்சம் வாங்குவதில்லை. நுழைவாயில் பலகையில் ‘வந்துவிட்டாயா’ என்று எழுதியிருக்கிறது. என் அறை வாசலிலும் அப்படி ஒன்று மாட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். தலைமையகத்திலிருந்து பதில் இல்லை.

ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் அந்தக் கோயில் நம் துறைக்கே அவமானம். வருகிற ஒவ்வொருவரும் மண்டியிட்டு முதலில் பெயர், அப்புறம் பிறந்த தேதி, அப்புறம் வீட்டு முகவரி சொல்ல வேண்டும். அப்போதுதான் சாமிக்கு ஆள் யாரென்று தெரியுமாம். பிறகுதான் விஷயம். புருஷனின் சின்ன வீடு, மருமகளின் வாய், தம்பி அமுக்கிய நிலம், எல்லாம் வாய்விட்டு, அடுத்த ஆளின் முழங்கை இடிக்கிற தூரத்தில். சகலமும் அறிந்தவருக்குக் கதவு எண் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை, கல்லூரிப் பேராசிரியர்கள் உட்பட. மரச்சிலையிடம் போய் விலாசம் ஒப்பிக்கும் மனிதர்களைப் பார்த்தால் எனக்கு முன்பெல்லாம் சிரிப்பு வரும். இப்போது களைப்புதான் வருகிறது. இந்த வேலையில் அது எல்லாருக்கும் வருவது என்று நினைக்கிறேன். உங்கள் கண்ணுக்குக் கீழேயும் தெரிகிறது.

நீங்கள் தாய்பே தலைமையகத்திலிருந்து என்னை விசாரிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். எதையும் மறைக்காமல் சொல்கிறேன். என் தகவலாளரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். கோப்பில் அவருக்குக் கொய்யா என்று பெயர், இங்கேயும் கொய்யா என்றே எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி உங்களிடம் சொன்னது யார் என்று நானும் கேட்க மாட்டேன். கேட்டு, நீங்கள் சொல்லிவிட்டால், உங்கள்மேல் எனக்கிருக்கும் மரியாதை போய்விடும்.

கல்லூரியில் நான் மாணவர் நல அலுவலர். மேசைப் பலகை அப்படித்தான் சொல்கிறது. அது என்ன அறை என்று மாணவர்களுக்குத் தெரியும். என் வாசலைக் கடக்கும்போது மட்டும் எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். வானிலையைப் பற்றி அறிக்கை கேட்டிருந்தால் எனக்கு எப்போதோ பதவி உயர்வு வந்திருக்கும்.

கொய்யா, கல்லூரிக்குப் பின்புறம் மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர். பையன்கள் எல்லாரும் அத்தை என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். விதவை. ஒரே மகன், கட்டாயப் படைச் சேவையில், எதிர்க்கரைச் சீனா கண்ணுக்குத் தெரிகிற தீவில் காவல் குழிக்குள் நின்றுகொண்டிருந்தான். அவனைக் குழியிலிருந்து சமையல்கூடத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக அவர் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். நல்ல தகவலாளர். மற்றவர்களெல்லாம் கொஞ்ச நாளில் நாய் வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரனைக் கம்யூனிஸ்ட் ஆக்கிவிடுவார்கள். கொய்யா கண்டதற்கு மேல் ஒரு சொல் சேர்த்ததில்லை.

நாங்கள் சந்தித்துக்கொள்வது சந்தைத் தெருப் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில். பல் வைத்தியரிடம் யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை, ஆகவே யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. உள்ளே மின்துளைப்பான் ஓடும் சத்தத்தில் வெளியே பேச்சு கேட்காது. ஒரே குறை, அடிக்கடி போவதற்குக் காரணம் வேண்டும் என்று கொய்யா நல்ல பற்கள் இரண்டை அடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குறை சொல்லவில்லை.

“பாசிப்பயறுக் கஞ்சி கொண்டுட்டுப் போனா பேச்ச நிறுத்திர்றாங்க தம்பி,” என்றார் ஒரு நாள். “முன்னல்லாம் கஞ்சியப் பாத்தா பேச்சு கூடும்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த ஒரு வரியை வைத்துப் பையன்கள் அறையைச் சோதனை போட்டதில் கொசுவலை மடிப்புக்குள் தடை செய்யப்பட்ட பத்திரிகை கிடைத்தது. இரண்டு பையன்களை அழைத்துப் போனார்கள். இன்னும் வரவில்லை. அது வேறு கோப்பு, நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சிக்கல் அதற்கப்புறம்தான். மீதிப் பையன்கள் யார் சொன்னது என்று தேட ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தலைமை மாதிரி இருந்தவன் பெங் என்று ஒருவன், தத்துவ மாணவன், எதையும் வரிசையாக யோசிப்பவன். ஒரு நாள் அவன் பார்வை கஞ்சிக் குண்டான்மேல் கொஞ்ச நேரம் தங்கியதாகக் கொய்யா சொன்னார். தகவலாளரைக் காப்பது என் பொறுப்பு. சந்தேகத்தை இல்லாமல் செய்ய முடியாது, ஐயா, அது உங்களுக்கே தெரியும். இன்னொருவர்மேல் இறக்கி வைக்கத்தான் முடியும்.

ஆ-சுவானைத் தேர்ந்தெடுத்தேன். அதே வீட்டில் மாடி மூலை அறையில் இருந்தவன். குள்ளம், வாயாடி, சாப்பாட்டுக்கூடத்தில் எல்லாரையும் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பவன். நான் குடையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிறவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நடப்பதை அவன் நடித்துக் காட்டுவான் என்றும் அதற்குத்தான் அதிகக் கைதட்டல் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன் என்று யாராவது சொன்னால் அது தவறு. அவன் அப்பாவுக்கு ஊரில் செல்வாக்கு இல்லை. போன பருவத்தில் அவனுக்குக் கட்டணச் சலுகை கிடைத்திருந்தது, ஏன் கிடைத்தது என்று மற்றவர்கள் யோசிக்க வசதியாக இருக்கும். காரணங்கள் இவை. குடையைக் குறிப்பிட்டது எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக.

மதிய வேளையில் கல்லூரி வாசல் நூடுல்ஸ் கடையில் கூட்டம் நெரியும். அங்கே அவனைக் கூப்பிட்டு என் எதிரே உட்கார வைத்தேன்.

“சார், என்னையா?”

“உன்னத்தான். உக்காரு. மெலிஞ்சு போயிட்ட.”

“நான் ஒண்ணும் பண்ணல சார்.”

“பண்ணினேன்னு யாரு சொன்னா? சாப்பிடு.”

மாட்டிறைச்சி நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் வந்தது. என் கிண்ணத்தில் இருந்த முட்டையை எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தேன். தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். பக்கத்து மேசையில் பெங் உறிஞ்சிய நூடுல்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டான். ஆ-சுவானைப் பற்றி நான் யாரிடமும், எங்கேயும், எப்போதும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இது பதிவில் இருக்க வேண்டும். முட்டையே போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலமே அவனுடைய செருப்பு வீட்டு வாசலுக்கு வெளியே, தெருவில் கிடந்ததாம். மறுநாளிலிருந்து யாரும் அவனோடு சாப்பிட உட்காரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால், “என்னடா, முட்டை செரிச்சிருச்சா?” என்று விசாரித்தார்கள். பெண்கள் விடுதி வரைக்கும் முட்டை போய்விட்டது. அவன் எழுந்து நின்று ஒரு பேராசிரியர் மாதிரி பேசிக் காட்டியிருக்கிறான், ஒருவரும் சிரிக்கவில்லை. கொய்யா இதைச் சொல்லும்போது கையிலிருந்த பல் வைத்தியரின் பழைய வாரப் பத்திரிகையை மடித்து மடித்துச் சின்னதாக்கிவிட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் குண்டானை இப்போது யாரும் பார்க்கவில்லை.

இது இப்படியே ஆறிப்போயிருக்கும். ஆ-சுவான் இந்த வட்டாரத்துக்காரனாக இல்லாமல் இருந்திருந்தால்.

இங்கே ஒரு வழக்கு பேச்சில் தீரவில்லை என்றால் காவல் சாமி முன்னால் சேவல் தலையை வெட்டிச் சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவனுக்குச் சேவலின் கதிதான். நீதிமன்றத்தை நம்பாதவனும் இதை நம்புவான். எல்லாரும் கூடியிருந்த கூடத்தில் ஆ-சுவான் எழுந்து, தான் வாழ்நாளில் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை என்று சேவல் வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டான்.

பெங் யோசித்திருக்கிறான். வரிசையாக யோசிப்பவன் என்று சொன்னேனே.

“நீ மட்டும் எதுக்கு? வீட்ல இருக்கிற எல்லாரும் பண்ணுவோம்,” என்றானாம். “அப்புறம் ஒரு பேச்சுக்கே எடமில்ல பாரு. அத்தையும்தான்.”

“ஆளுக்கு ஒரு சேவலா?” என்று ஒருவன் கேட்க, “ஒண்ணு போதும்டா. எல்லாரும் கத்தியில கை வெப்போம்,” என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி.

கொய்யா என்னை அவசரமாக வரச் சொன்னார். உள்ளே யாருக்கோ கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் தம்பி.”

“வெட்டறது கோழியத்தான அத்தை.”

“அன்னிக்குக் கோழி. அப்புறம் என் புள்ள. அவன் தீவுல கத்தியும் கொதிக்கிற எண்ணெயுமா நிக்கிறான்.”

“கத்தியில சும்மா விரலு பட்டாப் போதும். வாயத் தெறக்க வேண்டாம்.”

“சாமிக்கு ஏற்கெனவே தெரியும். நான் சொல்லிட்டேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. “என்னன்னு சொன்னீங்க?”

“எல்லாந்தான். பேரு, பொறந்த நாளு, விலாசம். பசங்க பேசறத உங்ககிட்டச் சொல்றத. உங்க பேரையும் சொன்னேன்.”

“என் பேரு எதுக்கு?”

“யாரு சொல்லிச் செய்யறேன்னு அவருக்குத் தெரிய வேணாமா?”

“மனசுக்குள்ளதான சொன்னீங்க.”

“பௌர்ணமிக் கூட்டம் தம்பி. மனசுக்குள்ள சொன்னா எப்படிக் கேக்கும்?”

பிறை வடிவ மரக்கட்டை இரண்டைத் தரையில் போட்டுச் சாமியிடம் பதில் கேட்பது வழக்கம். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்து விழுந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம், அதற்கு மேல் விளக்கம் கிடையாது. சாமி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“சிரிச்சாரு,” என்றார் கொய்யா. “ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறாரு.”

ஒன்றரை வருஷமாக அந்தப் பெயரை நான் என் மேலதிகாரிக்குக்கூட எழுத்தில் கொடுத்ததில்லை. அது பௌர்ணமிதோறும் ஊதுபத்தி விற்பவர் காதுபடச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அன்று நான் மிகவும் சோர்ந்துபோனேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் யோசித்துப் பார்த்தால் வழி எளிது. கொய்யா சத்தியம் செய்ய மாட்டார். ஆகவே சத்தியம் நடக்கக் கூடாது. நடத்தக் கூப்பிட்டவனே வராவிட்டால் மற்றவர்கள் கத்தியில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தைப் பக்கச் சந்தில், வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்த ஆ-சுவானைத் தேநீர் குடிக்க என் அறைக்கு அழைத்தேன். என்னோடு வந்த இருவரும் அவனைத் தொடக்கூட இல்லை, இரு பக்கமும் நடந்து வந்தார்கள். அவ்வளவுதான்.

மலைத் தேநீர், நல்ல ரகம். அன்னாசி கேக்கும் வைத்தேன். அவன் எதையும் தொடவில்லை.

“சார், பத்து மணிக்கு நான் கோயில்ல இருக்கணும்.”

“இருக்கலாம். டீயக் குடி.”

“மணி பத்தாகுது சார்.”

“இந்தக் கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடும்.”

“நான் போகலன்னா என்ன நெனைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?” பிறகு குரல் இறங்கிவிட்டது. “தெரியும். தெரிஞ்சுதான் பண்றீங்க.”

பேச்சை மாற்றலாம் என்று, என்னைப் போல நடந்து காட்டச் சொன்னேன். மறுத்தான். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மூலையிலிருந்த என் குடையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அலமாரி வரை போய்த் திரும்பி வந்தான். நன்றாகவே செய்தான். நான் குடையை அவ்வளவு உயரத்தில் பிடிப்பதில்லை என்பதைத் தவிர. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் முகபாவத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

மத்தியானம் அனுப்பிவிட்டேன். கோயிலில் வெயில் ஏறும் வரை காத்திருந்துவிட்டு எல்லாரும் கலைந்திருக்கிறார்கள். சேவலைப் பெங் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்தக் காலைப் பொழுதில் நன்மை அடைந்தது அது ஒன்றுதான். எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, மாணவர் நல அலுவலகத்தில் தேநீர் குடித்தேன் என்று ஆ-சுவான் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அதைவிட மோசமான பதிலை நானே எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

தேர்வுக்கு முந்தின வாரம் அவனைக் கடலோர மீன்குளத்தில் பார்த்தார்கள். அந்தக் குளம் இடுப்பளவு ஆழம்தான். மூழ்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களால்தான் அதில் மூழ்க முடியும். ஆகவே அது அவனுடைய முடிவு. தகவலாளர் பத்திரமாக இருக்கிறார் என்று தலைமையகத்துக்கு எழுதினேன். பாராட்டு வந்தது. அதில் உங்கள் கையெழுத்தும் இருந்ததாக ஞாபகம்.

அவன் படுக்கையை எடுத்துப் போக அவன் அம்மா வந்தாராம். கொய்யா அவருக்குப் பாசிப்பயறுக் கஞ்சி கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் இரண்டு வாய் குடித்துவிட்டு, “எம்புள்ள உங்க கஞ்சியப் பத்தி எழுதுவான்” என்றாராம். அதற்கப்புறம் கொய்யாவை என்னால் பிடித்து வைக்க முடியவில்லை.

“நானே சேவல் வாங்கிட்டேன்,” என்றார் பல் வைத்தியர் அறையில். “கட்டிப் போட்டிருக்கேன். பௌர்ணமிக்கு எல்லாரு முன்னாடியும் சொல்லப்போறேன். அந்தப் புள்ள இல்ல, நாந்தான்னு.”

“உங்க பையன நெனச்சுப் பாருங்க அத்தை.”

“நெனச்சுட்டேன். அவன் குழியிலேயே நிக்கட்டும்.”

“பெங் சும்மா விடுவானா? ஊரு விடுமா?”

“நீங்க எதுக்குத் தம்பி பயப்படறீங்க? மாட்டிக்கப் போறது நானில்ல?”

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும், ஐயா. தகவலாளரை எதிரியிடமிருந்து காப்பதற்கு எனக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். அவர் தன்னைத்தானே வெளிப்படுத்திக்கொள்ளப் பார்த்தால் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. நானாக யோசிக்க வேண்டியிருந்தது. மரச்சிலை ஒன்று தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவும், தான் அரசாங்கத்தின் ரகசிய ஆள் என்றும், ஒரு மாணவனின் சாவுக்குத் தானே காரணம் என்றும் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் சொல்லி வருவதாக இரண்டு மருத்துவர்களிடம் தெரிவித்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவர்கள் கொய்யாவைக் கேட்டார்கள், அவரும் அப்படியே சொன்னார். கண்டதற்கு மேல் சேர்த்துச் சொல்லாதவர். குன்றின் மேலிருக்கும் மனநல மருத்துவமனையில் பெண்கள் பகுதியில் சேர்த்தார்கள். சமையலறைக்குப் பின்னால் கட்டியிருந்த சேவலை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

மகனைத் திரும்பக் குழிக்கு அனுப்பவில்லை. அந்த அளவுக்கு நான் மோசமானவன் இல்லை.

ஒரு தடவை பழக்கூடையோடு போய்ப் பார்த்தேன். “சாப்பிட்டீங்களா தம்பி?” என்று கேட்டார். கோபம் இல்லை. கட்டைகளை வாங்கி வைத்துவிட்டார்களாம், இரண்டு ஆரஞ்சுத் தோலைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். செவிலிப் பெண் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள்.

“பாவம் சார், நல்ல அம்மா. புதுசா யாரு வந்தாலும் பேரு, பொறந்த தேதி, விலாசம்னு ஆரம்பிச்சு முழுக் கதையும் சொல்லிருவாங்க. மாவு கொண்டு வர்றவன்கிட்டகூட. இன்னொண்ணு கேளுங்க, நீங்கதான் அவங்களுக்கு மேலதிகாரியாம்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தீவு முழுவதும் இப்போது அவரைவிடப் பத்திரமான தகவலாளர் கிடையாது. எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்கிறார், ஒருவருக்கும் தெரியவில்லை. நம் துறையில் இதை வேறு யாரும் சாதித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

போன பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போனேன். வேலை நிமித்தமாகத்தான். ஒருவர் வேண்டிக்கொள்வது அடுத்தவருக்கு எந்த அளவு கேட்கும் என்று நேரில் பார்த்தால்தான், இதற்கு முன்னால் என்னவெல்லாம் கசிந்திருக்கும் என்று மதிப்பிட முடியும். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்பதால் ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தினேன். மண்டியிட்டேன். வெளியூர்களில் நான் பயன்படுத்தும் பெயர் ஒன்றைச் சொல்லி, நான் செய்தது சரிதானே என்று பொதுவாகக் கேட்டுக் கட்டைகளைப் போட்டேன். இரண்டும் மல்லாந்தன. மறுபடி போட்டேன், மறுபடியும் அப்படியே.

பக்கத்தில் காய்கறிக் கூடையோடு மண்டியிட்டிருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“பேரு சொன்னியா தம்பி?”

“சொன்னேம்மா.”

“நெசப் பேரா? சில பேரு வெக்கப்பட்டுக்கிட்டு வாய்க்குள்ளயே மென்னு முழுங்குவாங்க. அவரு என்ன பண்ணுவாரு பாவம். கல்யாணத்துக்குக் கேட்டவன் பதிலு மூலத்துக்குக் கேட்டவனுக்குப் போயிரும்.”

என் சொந்தப் பெயரைச் சொன்னேன். பிறந்த தேதி சொன்னேன். கல்லூரிக் குடியிருப்பின் கதவு எண் சொன்னேன். கட்டைகள் மறுபடி மல்லாந்தன.

“யாரு விஷயமாக் கேக்குற?” என்றார் அந்த அம்மாள். “அவங்க பேரும் வெலாசமும் சொல்லணும்ல.”

ஆ-சுவானின் பெயரைச் சொன்னேன். பிறந்த தேதி கோப்பில் பார்த்தது, ஞாபகம் இருந்தது. முகவரி என்ன சொல்வது என்று தெரியாமல் மீன்குளத்தைச் சொன்னேன். பிறகு கொய்யாவின் பெயரைச் சொன்னேன். நிஜப் பெயரை. வாடகை வீட்டின் முகவரியைச் சொல்லி முடித்த பின்புதான் அவர் அங்கே இல்லை என்பது உறைத்தது. மருத்துவமனை, பெண்கள் பகுதி, சன்னலோரக் கட்டில் என்று திருத்திச் சொன்னேன். அவர் எனக்கு என்னவாக இருந்தார், அவரை நான் என்ன செய்தேன், ஆ-சுவானை என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மணியும் தாரையும் ஒலித்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, பெயரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.